பதினான்கு நாள் பரீட்சை
எச்.ஐ.வி. மருந்தும் உடலின் ஒவ்வாமையும்

காலை ஒன்பதரைக்கே ஏ.ஆர்.டி. மையத்தின் பெஞ்சுகள் நிரம்பிவிடும். கடைசி பெஞ்சில், புழுக்கத்திலும் முந்தானையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு பெண். முறை வந்து உள்ளே போனதும் டாக்டர், "கையைக் காட்டும்மா" என்கிறார். முந்தானை விலகினால் முழங்கை வரை செக்கச்செவேலென்று தடிப்பு. மாத்திரை ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள். இரண்டு நாளாகக் காய்ச்சல். "அம்மை போட்டிருக்கு" என்று மாமியார் நிலைப்படியில் வேப்பிலை செருகிவிட்டார். அம்மை கண்ட உடம்புக்கு மருந்து ஆகாது என்பதால் மாத்திரை டப்பா அரிசிப் பானைக்குப் பின்னால் போய்விட்டது. எதற்கான மாத்திரை என்பது மாமியாருக்குத் தெரியாது.

டாக்டர் தடிப்பை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. முதலில் வாயைத் திறக்கச் சொல்கிறார். பிறகு கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறார். "கண்ணு எரியுதா? எச்சில் முழுங்க முடியுதா? ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல் இருக்கா?" கட்டைவிரலால் தோலை அழுத்தி ஒரு பக்கமாக நகர்த்துகிறார். தோல் வழுக்கிக்கொண்டு வருகிறதா என்பதுதான் அந்தச் சோதனை. வரவில்லை என்றால் அறையில் இருக்கும் எல்லோருக்கும் மூச்சு வரும்.

இந்தப் பெண் ஓர் ஆள் இல்லை. 2004க்குப் பிறகு பல ஆண்டுகள், தமிழ்நாட்டின் கூட்டு மருந்து சிகிச்சை (ஏ.ஆர்.டி.) மையங்களில் வேலை பார்த்த எந்த மருத்துவரும், எந்த ஆலோசகரும் அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய காட்சி இது. காரணமான மருந்தின் பெயர் நெவிரபின். லட்சக்கணக்கானவர்களை உயிரோடு வைத்திருந்த மருந்தும் அதுதான்.

மூன்று மருந்து, ஒரு மாத்திரை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள், வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டபோது உண்மை வெளியே வந்தது. அதற்கடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு இங்கே பெரும்பாலோருக்குச் சிகிச்சை என்று எதுவும் எட்டவில்லை. மேலை நாட்டு மருந்துகளின் விலை ஆண்டுக்கு 10 ஆயிரம் டாலருக்கு மேல்.

2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீது அந்த விலையை உடைத்தார். எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு, ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கான மருந்தை 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றையும் ஒரே மாத்திரையாக அடைத்தது 'ட்ரையோமியூன்'. காலை ஒன்று, இரவு ஒன்று. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. திட்டத்தைத் தொடங்கியபோது, தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் முதலில் கைக்கு வந்ததும் இந்த வகைக் கூட்டு மருந்துதான்.

ஆனால் நெவிரபினுக்கு ஒரு நிபந்தனை உண்டு. எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுக்கக் கூடாது. முதல் 14 நாட்கள் தினம் ஒருமுறை 200 மில்லிகிராம்; தடிப்பு எதுவும் வராவிட்டால்தான் தினம் இருமுறை. தன்னைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைத் தானே தூண்டிவிடும் மருந்து இது. அந்த நொதிகள் தயாராவதற்கு முன்பே முழு அளவு உள்ளே போனால், ரத்தத்தில் மருந்தின் செறிவு எகிறும். தடிப்பு வருவதும் கூடும்.

இது மையத்தில் எப்படி நடைமுறையானது? முதல் இரண்டு வாரத்துக்கு இரண்டு டப்பா. காலையில் மூன்று மருந்து சேர்ந்தது, இரவில் நெவிரபின் இல்லாத இரண்டு மருந்து. மூன்றாவது வாரத்திலிருந்து ஒரே டப்பா. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, டப்பாவை வீட்டில் ஒளித்து வைக்க வேண்டியவருக்கு, இந்தக் கணக்கைப் புரியவைப்பது ஆலோசகரின் வேலை. சூரியன் படம், நிலா படம் என்று போட்டுக் காட்டுவார்கள். டப்பா மாறினால் வந்தது வினை. இடையில் ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரையை விட்டுவிட்டால் பரமபத ஆட்டம்போல மறுபடி தாயம் விழுந்தால்தான். அதாவது 14 நாள் கணக்கு முதலிலிருந்து.

நெவிரபின் எடுப்பவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்காவது ஏதாவதொரு தடிப்பு வந்தது. பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள். பெரும்பான்மை தானாக அடங்கிவிடும். அடங்காத சிறுபான்மைதான் மருத்துவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது.

■ பெட்டிச் செய்தி: எந்தத் தடிப்பு ஆபத்து?

அரிப்புடன் சிவப்புத் தடிப்பு மட்டும். காய்ச்சல் இல்லை, வாய், கண்ணில் புண் இல்லை: மருத்துவரிடம் காட்ட வேண்டும். நெவிரபின் எடுப்பவர் என்றால் தடிப்பு அடங்கும்வரை அளவை உயர்த்த மாட்டார்கள்.

தடிப்போடு காய்ச்சல், கொப்புளம், வாய்ப்புண், கண் சிவப்பு, முக வீக்கம், மூட்டு வலி, மஞ்சள் காமாலை, தோல் உரிதல், மூச்சுத் திணறல் இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும்: அன்றைக்கே, அந்த நேரத்திலேயே மருத்துவமனை.

உடல் பரப்பில் 10 சதவீதத்துக்குள் தோல் உரிந்தால் அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி. 30 சதவீதத்தைத் தாண்டினால் 'டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ்'. தீக்காயம் பட்டவரைப் பார்ப்பதுபோலத்தான் இவரையும் பார்க்க வேண்டியிருக்கும்; மூன்றில் ஒருவர்வரை இறந்துபோகக்கூடும். 1922இல் நியூயார்க்கில் இரண்டு சிறுவர்களிடம் இதை முதலில் விவரித்த ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு மருத்துவர்களின் பெயர்தான் நோய்க்கும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை: கூடாது. நெவிரபின் தடிப்பைத் தடுக்க ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த ஆய்வில் தடிப்பு குறையவில்லை. முதல் ஆறு வாரத்தில் கூடியது.

தெம்பானவருக்கே ஆபத்து

எச்.ஐ.வி. என்றாலே எதிர்ப்புச் சக்தி குறைந்த உடல், அதனால்தான் மருந்தும் ஒத்துக்கொள்வதில்லை என்று நினைப்பது இயல்பு. நெவிரபின் விஷயத்தில் கதை தலைகீழ். கல்லீரலைத் தாக்கும் அதன் ஒவ்வாமை, எதிர்ப்புச் சக்தி நன்றாக இருப்பவர்களையே குறிவைத்தது. எதிர்ப்புச் சக்தியின் அளவுகோலான சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 250க்கு மேலுள்ள பெண்களும் 400க்கு மேலுள்ள ஆண்களும் இதைத் தொடங்கக் கூடாது என்ற எச்சரிக்கை மருந்தின் உறையிலேயே ஏறியது. 250ஐத் தாண்டிய பெண்களுக்கு, அதற்குக் கீழுள்ள பெண்களைவிட 12 மடங்கு ஆபத்து.

இன்னும் துல்லியமான சாட்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. ஊசி குத்தி, தொற்று வந்துவிடுமோ என்ற பயத்தில் தடுப்பு மருந்தாக நெவிரபின் எடுத்துக்கொண்ட மருத்துவப் பணியாளர்களில் சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2001 ஜனவரியில் வெளியிட்டது. ஒரு பெண் பணியாளருக்கு மாற்றுக் கல்லீரல் பொருத்த வேண்டியதாயிற்று. அவர்கள் எச்.ஐ.வி. நோயாளிகள் அல்லர். முழு ஆரோக்கியமே அவர்களுக்கு எதிரியாகிவிட்டது. ஊசி குத்துக் காயத்துக்கு நெவிரபின் கொடுக்கும் வழக்கம் அத்தோடு முடிந்தது.

இதன் விளைவு இந்தியா போன்ற நாடுகளில் மெதுவாகத்தான் உறைத்தது. ஆரம்ப நாட்களில் சி.டி.4 200க்குக் கீழே போனவர்களுக்குத்தான் சிகிச்சை. அவர்களுக்கு நெவிரபின் ஓரளவு பாதுகாப்பானது. 2010இல் உலக சுகாதார நிறுவனம் அந்த வரம்பை 350 ஆக உயர்த்தியது, 2013இல் 500, 2015இல் 'தொற்று உறுதியானால் உடனே மருந்து'. அதாவது நோயாளிகள் தெம்பாக இருக்கும்போதே வரத் தொடங்கினார்கள். சீக்கிரம் சிகிச்சை என்ற நல்ல முடிவும், மலிவு மாத்திரை என்ற நல்ல முடிவும் ஒன்றோடொன்று மோதின. 250க்கும் 350க்கும் இடையில் நின்ற பெண்கள்தான் அந்த மோதலில் நடுவே சிக்கியவர்கள். 2013 வழிகாட்டுதலில் நெவிரபினைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எஃபாவிரென்ஸ் முதல் வரிசைக்கு வந்தது. அது தூக்கத்தில் விபரீதக் கனவுகளைக் கொடுத்தது, தடிப்பும் கொடுத்தது, ஆனால் உயிரை எடுக்கும் அளவுக்குப் போனது குறைவு.

குற்றவாளி யார்?

ஒவ்வாமை வந்தால் காரணமான மருந்தை நிறுத்த வேண்டும். சொல்வது எளிது. எச்.ஐ.வி.யோடு காசநோயும் சேர்ந்து வந்தவரின் பையைத் திறந்து பார்த்தால் இந்த அறிவுரையின் லட்சணம் தெரியும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால். எச்.ஐ.வி.க்கு மூன்று. நிமோனியா வராமலிருக்க கோட்ரைமாக்சசோல். இடையில் வலி மாத்திரை ஒன்று, யாரோ கொடுத்தது. இதில் பாதி மருந்துகள் தடிப்பு உண்டாக்கும். பாதி கல்லீரலைத் தொடும். சிலது இரண்டையும் செய்யும்.

ஆனால் இவற்றில் அதிகம் சந்தேகிக்கப்பட வேண்டியது கோட்ரைமாக்சசோல் என்ற பழைய, ரொம்ப மலிவான சல்ஃபா மாத்திரை. எச்.ஐ.வி. இல்லாதவர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து இது. எய்ட்ஸ் முற்றியவர்களுக்கு நிமோனியாவைக் குணப்படுத்த உயர்ந்த அளவில் கொடுத்தபோது, பாதிப் பேருக்குத் தடிப்பும் காய்ச்சலும் வந்ததாக எண்பதுகளிலேயே பதிவாகிவிட்டது. நெவிரபினுக்கு நேர் எதிராக, சி.டி.4 குறையக் குறைய இதன் ஒவ்வாமை கூடும். எச்.ஐ.வி. உள்ள உடலில் மருந்தின் நச்சுச் சிதைவுகளை நடுநிலைப்படுத்தும் குளூட்டதயோன் குறைந்திருப்பதும், உள்ளே உறங்கும் வேறு வைரஸ்கள் எதிர்ப்புச் சக்தியைச் சீண்டிக்கொண்டே இருப்பதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

அதனால் அனுபவசாலி மருத்துவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. கோட்ரைமாக்சசோலை முதலில் கொடுத்து, உடம்பு அதை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏ.ஆர்.டி. தடிப்பு வந்தாலும் யார் செய்தது என்று தெரியும் அல்லவா?

ஏற்காத உடம்பைப் பழக்கவும் ஒரு வழி உண்டு. லேசான தடிப்பு வந்து ஆறியவருக்கு முதல் நாள் 2 மில்லி சிரப். அடுத்த நாள் 4. அதற்கடுத்த நாள் 6. பிறகு 8. ஐந்தாம் நாள் ஒரு மாத்திரை, ஆறாம் நாள் இரண்டு. உடலுக்கே தெரியாமல் மருந்தை உள்ளே அனுப்பும் இந்த வேலை பலருக்குப் பலித்திருக்கிறது. மருத்துவர் கண் பார்வையில் மட்டுமே செய்ய வேண்டியது. தோல் உரிந்தவருக்குச் செய்யவே கூடாதது. அவர்களுக்கு டாப்சோன் என்று வேறு மருந்து இருக்கிறது.

இந்தப் பாடத்துக்கு உலகம் கொடுத்த விலை பெரியது. தையாசெட்டசோன் என்று காசநோய்க்கு ஒரு மலிவு மாத்திரை இருந்தது. ஏழை நாடுகளின் திட்டங்கள் பல ஆண்டுகள் அதை நம்பியிருந்தன. 1991இல் நைரோபியிலிருந்து வந்த ஆய்வு, அதை எடுத்த எச்.ஐ.வி. நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை வருவதைக் காட்டியது. எச்.ஐ.வி. இல்லாதவர்களில் நூற்றில் ஒருவருக்குத்தான் அது வந்திருந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்கு முன் எத்தனை கிராமத்து ஆஸ்பத்திரிகளில், எய்ட்ஸ் என்றே தெரியாமல், காசநோய் மாத்திரை சாப்பிட்டுத் தோல் உரிந்து எத்தனை பேர் போனார்கள் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

பெர்த் நகரத்துத் துப்பு

இந்தக் கதையில் மருத்துவ அறிவியல் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் நடந்தது.

அபாகவிர் 1998 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. நூற்றில் ஐந்திலிருந்து எட்டுப் பேருக்கு, பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள், அது ஒரு விசித்திர ஒவ்வாமையைக் கொடுத்தது. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, இருமல், உடல் வலி. தடிப்பு சிலருக்கு வரும், சிலருக்கு வராது. வைரல் காய்ச்சல் என்று யாரும் நினைத்துவிடலாம். ஒவ்வொரு டோஸுக்கும் அறிகுறி ஒரு படி ஏறும். மருந்தை நிறுத்தினால் ஓரிரு நாளில் இறங்கிவிடும்.

பயங்கரம் அதற்குப் பிறகு. உடம்பு தேறிவிட்டதே என்று அதே மாத்திரையை மறுபடி போட்டவர்களுக்குச் சில மணி நேரத்திலேயே ரத்த அழுத்தம் சரிந்தது. சிலர் இறந்தார்கள். மருந்து டப்பாவோடு ஓர் எச்சரிக்கை அட்டையும் வரத் தொடங்கியது. சட்டைப் பையில் எப்போதும் இருக்க வேண்டிய அட்டை.

பெர்த் நகரத்தில் சைமன் மல்லால் தலைமையிலான குழு ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டது. எல்லோருக்கும் வராமல் சிலருக்கு மட்டும் ஏன் வருகிறது? கறுப்பின நோயாளிகளிடம் ஏன் குறைவு? 200 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2002இல் 'லான்செட்' இதழில் விடையை வெளியிட்டார்கள். ஒவ்வாமை வந்த 18 பேரில் 14 பேருக்கு எச்.எல்.ஏ.-பி 57:01 என்ற மரபணு வகை இருந்தது. மருந்தை ஏற்றுக்கொண்ட 167 பேரில் அது இருந்தது 4 பேரிடம் மட்டும்.

அந்த மரபணு என்னதான் செய்கிறது என்பது 2012இல்தான் தெளிவானது. நம் அணுக்கள் ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் புரதத் துணுக்குகளை ஒரு சிறு குழியில் வைத்து வெளியே நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்கும். பாதுகாப்புப் படை அதைப் பார்த்து, நம்ம ஆள்தான் என்று நகர்ந்துவிடும். 57:01 வகையின் குழிக்குள் அபாகவிர் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிடுகிறது. பணியாரச் சட்டிக் குழியின் அடியில் ஒரு காசு கிடந்தால், அதே மாவுதான் என்றாலும் பணியாரம் வேறு வடிவில்தான் வரும். அப்படி வடிவம் மாறி வெளியே வரும் சொந்தப் புரதத்தை, வேற்றாள் என்று நினைத்து உடல் தாக்குகிறது. பொருத்திய உறுப்பை உடல் நிராகரிப்பதற்கு நெருங்கிய உறவு இது.

19 நாடுகளில் 1,956 பேரிடம் நடந்து 2008இல் வெளியான பிரெடிக்ட்-1 ஆய்வு, முன்கூட்டியே மரபணுவைப் பார்த்து, அது இருப்பவர்களுக்கு அபாகவிரைத் தவிர்த்தால் என்னாகும் என்று சோதித்தது. தோல் ஒட்டுப் பரிசோதனையில் உறுதியான ஒவ்வாமை, பரிசோதனை செய்த பிரிவில் பூஜ்யம். செய்யாத பிரிவில் 2.7 சதவீதம். ஒரு மருந்தின் ஒவ்வாமையை ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையால் துடைத்தெறிந்த கதை மருத்துவத்தில் அபூர்வம். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பரிசோதிக்காமல் அபாகவிர் வேண்டாம் என்று எச்சரிக்கையைத் திருத்தி எழுதியது.

நம் ரத்தத்தில் அது எவ்வளவு?

இங்கேதான் நமக்குக் கொஞ்சம் உறுத்த வேண்டும். 57:01 ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியிலும் கிழக்காசியாவிலும் அரிது. ஐரோப்பியரிடம் 5 முதல் 8 சதவீதம். இந்திய மக்கள் பிரிவுகள் சிலவற்றில் 5 முதல் 20 சதவீதம் வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது, பரிசோதனை மிகவும் பயன்படக்கூடிய மக்கள்தொகைகளில் நாமும் ஒன்று.

பரிசோதனையோ பணக்கார நாடுகளில்தான் வழக்கமானது. பெரியவர்களுக்கு அபாகவிர் இந்தியாவில் அதிகம் கொடுக்கப்படுவதில்லை என்பதால் பிரச்சினை பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் குழந்தைகளுக்கு அது முக்கிய மருந்து. சிறுநீரகத்தையும் எலும்பையும் தொடும் டெனோஃபோவிரைச் சின்னக் குழந்தைகளுக்குத் தர முடியாது. ரத்தசோகை தரும் சிடோவுடினுக்கும் மாற்று வேண்டும். ஆகவே அபாகவிரும் லாமிவுடினும் சேர்ந்த மாத்திரை. மரபணுச் சோதனைக்குப் பதில், காய்ச்சல், வாந்தி வந்தால் தூக்கிக்கொண்டு ஓடிவரச் சொல்லும் அறிவுரைதான் பாதுகாப்பு.

நான்கு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் எத்தனை காரணத்தால் வரும்? அதை அபாகவிர் என்று சந்தேகிக்க வேண்டியவர் பெரும்பாலும் பாட்டி. பெற்றோரை இழந்த குழந்தைகளை வளர்ப்பவர்கள் அவர்கள்தானே. "மாத்திரை ஒத்துக்கலை போல" என்று பாட்டி தானே நிறுத்தி, "இப்ப தேவலை" என்று தானே மறுபடி கொடுத்தால், அந்த இரண்டாவது முறைதான் உயிருக்கு ஆபத்து. அபாகவிர் ஒவ்வாமை என்று ஒருமுறை சந்தேகம் வந்து நிறுத்திய மருந்தை வாழ்நாளில் மறுபடி தொடக் கூடாது. மையத்தில் தரும் சிகிச்சைக் கையேட்டில் இதைச் சிவப்பு மையில் எழுதி வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

பயம் அரசியலானபோது

ஒவ்வாமை குறித்த உண்மையான பயம் ஓர் அரசின் கையில் என்னவாகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவைவிடக் கொடுமையான உதாரணம் கிடையாது.

பிரசவ வலி எடுக்கும்போது தாய்க்கு ஒரே ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்து மூன்று நாளுக்குள் குழந்தைக்கு ஒரு துளி சிரப். இந்த எளிய முறையால் குழந்தைக்குத் தொற்றுவது ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது உகாண்டா ஆய்வில் 1999இல் தெரிந்தது. உற்பத்தியாளர் ஐந்து ஆண்டுக்கு இலவசமாகவே தர முன்வந்தார். ஆனால் அதிபர் தபோ எம்பெக்கியின் அரசு, மருந்தின் நச்சுத்தன்மையைக் காரணம் காட்டி, அதை மாகாணத்துக்கு இரண்டு என 18 இடங்களோடு நிறுத்திக்கொண்டது. தினமும் மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வந்த கல்லீரல் பாதிப்பை, ஒரே ஒரு டோஸ் எடுப்பவளின் மீது ஏற்றிச் சொன்னார்கள். சுகாதார அமைச்சரோ பூண்டையும் பீட்ரூட்டையும் பரிந்துரைத்துக்கொண்டிருந்தார்.

'ட்ரீட்மெண்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்' அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2002 ஜூலை 5 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் மருந்து தர உத்தரவிட்டது. அந்த ஆண்டுகளின் தாமதத்தால் 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். நெவிரபினால் தோல் உரிந்தும் கல்லீரல் கெட்டும் இறந்தவர்கள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. நெவிரபின் கிடைக்காமல் இறந்தவர்களின் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சத்தமில்லாமல் நிறுத்தினால்

இனி விளைவுகளுக்கு வருவோம். தடிப்பு வந்தவர் செய்யும் முதல் காரியம் பெரும்பாலும் மையத்துக்குப் போவதில்லை, மாத்திரையை நிறுத்துவது. கடையில் ஒரு 'அவில்' வாங்கிப் போட்டுக்கொள்வது. உஷ்ணம் என்று இளநீர் குடிப்பது. கடனுக்கு வாடகைக் கார் பிடித்துப் போகும் தூரத்தில் மையம் இருந்தால், மாதம் ஒருமுறை லீவு கேட்பதற்கே பொய் சொல்ல வேண்டியிருந்தால், இடையில் இன்னொரு முறை போவது எளிதா?

நெவிரபின், எஃபாவிரென்ஸ் இரண்டும் ரத்தத்தை விட்டு மெதுவாக வெளியேறும் மருந்துகள். மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினாலும் மற்ற இரண்டும் சீக்கிரம் போய்விட, நெவிரபினோ எஃபாவிரென்ஸோ மட்டும் பல நாட்கள் தனியாக நிற்கும். தனித்து நிற்கும் ஒரு மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்வது எச்.ஐ.வி.க்குக் கைவந்த கலை. ஒற்றை மாற்றம் போதும், இரண்டு மருந்துமே செயலற்றுவிடும். தடிப்பு ஆறிப் போயிருக்கும். அந்த வகை மருந்துகளின் கதவு அவருக்கு மூடிவிட்டிருக்கும். அப்படி மாறிய வைரஸ் வாழ்க்கைத் துணைக்குத் தொற்றினால், அவருக்கும் அது மூடிய கதவுதான். கடுமையான ஒவ்வாமையில் எல்லாவற்றையும் உடனே நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தும் முடிவை மருத்துவர் எடுத்தால், அடுத்து என்ன என்பதையும் அவரே எழுதித் தருவார்.

இன்னொரு விளைவு ஆய்வுகளில் வராது. மாத்திரையை ஒளிக்கலாம், முகத்தில் வந்த தடிப்பை எங்கே ஒளிப்பது? அக்கம்பக்கம் கேட்கும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் சொந்தக்காரர்கள் பார்க்க வருவார்கள், கேஸ் ஷீட்டை எட்டிப் பார்ப்பார்கள். 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம், ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளிப்படுத்துவதைத் தடை செய்கிறது. படுக்கை வார்டில் சட்டத்தை அமல்படுத்த வேண்டியவர்கள் நர்சுகளும் வார்டு உதவியாளர்களும்தான்.

ஸ்டீவன்ஸ்-ஜான்சனிலிருந்து பிழைத்தவர்களின் துன்பம் தோல் ஆறியதும் முடிவதில்லை. கண்ணின் மேற்பரப்பு வறண்டு, இமையின் உள்விளிம்பு தடித்து, ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியை அது உரசிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் உரசி உரசிப் பார்வை போய்விடும். வழக்கமான கருவிழி மாற்று அறுவை இந்த வறண்ட கண்ணில் நிற்காது. எந்த மருந்தால் இந்த நிலைக்கு வந்திருந்தாலும் கடைசி முயற்சியாக, நோயாளியின் சொந்தப் பல்லை வேரோடு எடுத்து, அதில் துளையிட்டு ஒரு லென்ஸைப் பொருத்தி, கண்ணுக்குள் வைக்கும் அறுவை சிகிச்சை சென்னை சங்கர நேத்ராலயாவில் செய்யப்படுகிறது. கேட்டால் நம்ப முடியாது. பார்வை கிடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆரம்ப நாட்களிலேயே கண் மருத்துவர் வந்து பார்த்தால் இவ்வளவு தூரம் போகாமல் தடுக்க வாய்ப்புண்டு. உயிரைக் காப்பாற்றும் பரபரப்பில் பல இடங்களில் மறந்துபோவது இந்த ஒன்றுதான்.

■ பெட்டிச் செய்தி: யாரிடம் சொல்வது?

ஒவ்வாமையைப் பதிவு செய்ய 'மருந்துக் கண்காணிப்புத் திட்டம்' 2010இல் தொடங்கப்பட்டது. தலைமையிடம் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம். நோயாளியோ குடும்பத்தினரோ நேரடியாகத் தெரிவிக்கலாம்: 1800-180-3024. மருத்துவர் மட்டுமே தெரிவிக்க வேண்டும் என்பதில்லை.

எச்.ஐ.வி. குறித்த எந்தச் சந்தேகத்துக்கும் கட்டணமில்லா எண்: 1097.

டி.எல்.டி. வந்த பிறகு

2017 செப்டம்பரில் ஓர் உலக அளவிலான ஒப்பந்தம் டோலுடெகிராவிர் சேர்ந்த மூன்று மருந்து மாத்திரையின் விலையை ஆண்டுக்கு 75 டாலர் அளவுக்கு இறக்கியது. தயாரித்தவர்கள் இந்திய நிறுவனங்கள். 2020-21இல் நம் தேசியத் திட்டமும் இதற்கு மாறியது. மையங்களில் எல்லோரும் சொல்வது 'டி.எல்.டி.'. தினம் ஒரே ஒரு மாத்திரை. 14 நாள் கணக்கு இல்லை, இரண்டு டப்பா இல்லை. ஆய்வுகளில் டோலுடெகிராவிர் ஒவ்வாமை வந்தவர்கள் ஒரு சதவீதத்துக்கும் கீழே.

பழைய மருத்துவர்களுக்கு இது விடுதலை. இதில் ஒரு சிக்கலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒவ்வாமை அரிதாகிப் போனால் அதை அடையாளம் காணும் கண்ணும் மங்கும். இப்போது பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர் நெவிரபின் தடிப்பைப் பார்த்திருக்க மாட்டார். டி.எல்.டி. எடுக்கும் ஒருவருக்குத் தடிப்பு வந்தால் முதல் சந்தேகம் இன்றும் கோட்ரைமாக்சசோல் மேலும் காசநோய் மருந்துகள் மேலும்தான் விழ வேண்டும். அது தெரியாமல் டி.எல்.டி.யை நிறுத்திவிட்டால், நோயாளி இழப்பது தன்னிடம் இருக்கும் ஆகச் சிறந்த மருந்தை. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் வரும் தடிப்பு மருந்தால் வந்ததாகவே இருக்க வேண்டியதும் இல்லை. எழுந்து உட்காரும் எதிர்ப்புச் சக்தி, அதுவரை பதுங்கியிருந்த தொற்றோடு மோதுவதாலும் வரலாம்; சிஃபிலிஸாகவும் இருக்கலாம்.

அடுத்து வருவது ஊசிக் காலம். கபோடெகிராவிர், ரில்பிவிரின் ஊசிகளை 2021 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். டப்பாவை ஒளிக்கும் வேலையே இல்லை. ஆனால் மாத்திரையை நிறுத்துவதுபோல ஊசியை நிறுத்த முடியாது. தசைக்குள் தேங்கிய மருந்து ஓராண்டுக்கு மேலும் உடலில் கசிந்துகொண்டிருக்கும். ஒவ்வாமை வந்தால் திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் முதலில் ஒரு மாதம் அதே மருந்துகளை மாத்திரையாகக் கொடுத்து, உடம்பு ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசிக்குப் போவது என்றுதான் வைத்திருந்தார்கள். 2022இல் அந்த மாத்திரை மாதம் கட்டாயமில்லை என்று அமெரிக்காவில் தளர்த்தப்பட்டது. முதல் நாளே ஊசி போட்டுக்கொள்ளலாம். முன்பு எந்த மருந்துக்காவது தடிப்பு வந்ததுண்டா என்ற கேள்விக்கு நோயாளி சொல்லும் பதில்தான் அங்கே மிச்சமிருக்கும் சோதனை.